கண் பிரஷர்: சொட்டு மருந்தா, லேசரா, ஆபரேஷனா?

"சொட்டு மருந்து போட்டுப் பாத்தேன், பார்வை ஒண்ணும் தெளியல, அதான் நிறுத்திட்டேன்." காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் எந்தக் கல்யாண வீட்டில் போய் உட்கார்ந்தாலும், அறுபது தாண்டிய யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார். கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. க்ளாக்கோமா என்கிற கண் நீர் அழுத்த நோய்க்கு, நம் ஊர்ப் பேச்சில் கண் பிரஷருக்கு, இருக்கிற எந்தச் சிகிச்சையும் போன பார்வையைத் திருப்பித் தராது. சொட்டு மருந்து, லேசர், ஆபரேஷன் மூன்றுக்கும் ஒரே வேலைதான், மிச்சமிருக்கும் பார்வை கெடாமல் பார்த்துக்கொள்வது. புரை ஆபரேஷன் முடிந்து மறுநாள் கட்டு அவிழ்த்ததும் பளிச்சென்று தெரிந்த அனுபவம் நம் ஆட்களுக்கு இருக்கிறது. அதையே இதற்கும் எதிர்பார்த்து, நடக்காததால் மருந்தை விட்டுவிட்டு, சில வருடம் கழித்து ஒரு கண் சுத்தமாகப் போன பிறகு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் நிறைய.

எங்கள் அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, இந்த நோய் இருக்கிறது. அவரும் ஆத்தாவும் (அம்மாவும்) மட்டும்தான் ஊரில் இருக்கிறார்கள், நான் சென்னையில், அண்ணன் சிங்கப்பூரில். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் என்று எந்தத் தெருவில் நடந்தாலும் இதே கதைதான், அறுபது எழுபது பேர் இருக்க வேண்டிய வீட்டில் வயதான இரண்டு பேர். அதனால் க்ளாக்கோமாவுக்கு எந்தச் சிகிச்சை நல்லது என்று யாராவது கேட்டால், அந்த வீட்டில் சொட்டு மருந்து யார் போட்டுவிடுவார்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன். இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் மருந்து எழுதுவதும் வாங்குவதும் பாதி வேலைதான் என்று உறுதியாக நம்புகிறேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நோயை ஒருமுறை சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கண்ணுக்குள் முன்பக்கத்தில் ஒரு தெளிந்த நீர் ஊறிக்கொண்டே இருக்கும், அழும்போது வருகிற கண்ணீர் வேறு, இது வேறு. நம் ஊர்க் கண்மாய் மாதிரி இதற்கு நீர் வர ஒரு வரத்துக்கால் உண்டு, நீர் வெளியேற ஒரு கலுங்கு உண்டு. கலுங்கில் தூர் சேர்ந்துவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறும், அந்த அழுத்தம் கண்ணுக்குப் பின்னால் மூளைக்குப் போகும் பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்லும். இது ஒரு வகை, கோணம் திறந்திருக்கும் க்ளாக்கோமா. இன்னொரு வகையில் கலுங்கு நன்றாகவே இருக்கும், ஆனால் கண்ணின் நிறத்தைத் தருகிற ஐரிஸ் திரை முன்னால் தள்ளி வந்து அதன் வாயை அடைத்துவிடும். இது கோணம் மூடிய க்ளாக்கோமா, நம்மைப் போன்ற ஆசியக்காரர்களிடம் ஐரோப்பியர்களைவிட அதிகம். எந்த வகை என்பதைப் பொறுத்துச் சிகிச்சையே மாறும். அதனால் டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "பிரஷர் எவ்வளவு?" அல்ல, "கோணம் திறந்திருக்கா, மூடியிருக்கா?" என்பதுதான். அதைப் பார்க்க, கண்ணை மரக்க வைத்து, கண்ணாடி பொருத்திய ஒரு சின்ன லென்ஸைக் கருவிழியில் வைத்துப் பார்ப்பார்கள். சில நிமிட வேலை, வலிக்காது. அதைப் பார்க்காமல் பிரஷர் எண்ணை மட்டும் வைத்து மருந்து எழுதினால், கொஞ்சம் யோசித்து இன்னொரு டாக்டரையும் பாருங்கள்.

எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். 10 முதல் 21 வரை சாதாரணம் என்பார்கள். ஆனால் 16 இருக்கிறவருக்கும் நரம்பு கெடலாம், 24 இருக்கிறவர் கடைசிவரை நன்றாக இருக்கலாம். கருவிழி தடிமனாக இருந்தால் மிஷின் கூடுதலாகக் காட்டும், மெலிந்திருந்தால் குறைத்துக் காட்டும். அதனால்தான் கருவிழித் தடிமன், நரம்பின் ஸ்கேன், ஃபீல்டு டெஸ்ட் எல்லாம் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஓரப் பார்வை எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் இந்த ஃபீல்டு டெஸ்ட்தான் பெரியவர்களுக்குச் சோதனை. இருட்டறையில் தாடையை வைத்து உட்கார்ந்து, நடுவில் இருக்கும் புள்ளியையே பார்த்துக்கொண்டு, ஓரத்தில் வெளிச்சம் மின்னும்போதெல்லாம் பட்டனை அமுக்க வேண்டும். காலையில் நாலு மணிக்கு எழுந்து முதல் பஸ் பிடித்து மதுரைக்குப் போனவர் அந்த இருட்டில் தூங்கித்தான் போவார். ரிப்போர்ட் மோசமாக வரும். முதல் டெஸ்டை வைத்து யாரும் பயந்துவிடாதீர்கள், பழகிய பிறகு எடுக்கும் இரண்டாவது, மூன்றாவதுதான் நம்பத் தகுந்தது. முடிந்தால் முதல் நாள் இரவே போய் உறவுக்காரர் வீட்டில் தங்கிவிட்டு, தெம்பாகக் காலையில் போங்கள். பழைய ரிப்போர்ட்டுகளை ஒரு ஃபைலில் தேதி வாரியாக வைத்திருங்கள். ஒரு தடவை எடுத்த படத்தால் பெரிய பயன் இல்லை, போன வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் என்ன வித்தியாசம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

வலி இல்லாமல், சிவக்காமல், சொல்லாமல் கொள்ளாமல் வருகிற நோய் இது. மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டக் கிராமங்களில் அரவிந்த் கண் மருத்துவமனை நடத்தி 2003இல் வெளியான ஆய்வில், நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களில் 2.6 சதவீதம் பேருக்கு க்ளாக்கோமா இருந்தது. அப்படிக் கண்டறியப்பட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கும் மேல் அதுவரை தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாதவர்கள். இவற்றில் மதுரை நம் சிவகங்கை மாவட்டத்துக்குப் பக்கத்து மாவட்டம்.

தெரியாமல் போவதற்குக் காரணம் உண்டு. நடுப்பார்வை கடைசிவரை நன்றாக இருக்கும், ஓரங்கள்தான் முதலில் போகும். அப்பச்சி அப்போதும் பேப்பரைப் பொடி எழுத்து விடாமல் படித்துக்கொண்டிருந்தார், கணக்கு நோட்டை எழுதிக்கொண்டிருந்தார். ஆனால் பட்டாலைக் கூடத்திலிருந்து வளவில், அதாவது நடு முற்றத்தில், இறங்கும் அந்த ஒற்றைப் படி இருக்கிறதே, அதில் இடறினார். நம் வீடுகளின் அமைப்பு அப்படி. முகப்பு இருட்டாக இருக்கும், அதைத் தாண்டினால் வளவில் வெயில் கண்ணைப் பறிக்கும், ஆத்தங்குடிக் கல் தரை வேறு எண்ணெய் தேய்த்த மாதிரி மின்னும், படியின் விளிம்பு தனியாகவே தெரியாது. நல்ல கண் உள்ளவர்களே நிதானிக்க வேண்டிய இடம் அது. இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குப் பழகக் கூடுதல் நேரம் எடுப்பதும், ஒரே நிறத்துக்குள் மேடு பள்ளம் பிரித்துத் தெரியாததும், கீழ்ப்பக்கப் பார்வை போவதும் க்ளாக்கோமாவின் அடையாளங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் நிலைப்படியைக் காலால் தடவித் தேடுகிறார்கள் என்றால் முழங்காலோடு சேர்த்துக் கண்ணையும் பாருங்கள்.

சரி, சிகிச்சைக்கு வருவோம். மூன்று வழிக்கும் இலக்கு ஒன்றுதான், அழுத்தத்தைக் குறைப்பது. நரம்பு எவ்வளவு கெட்டிருக்கிறது, வயது என்ன என்பதைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கு எண் வைப்பார்கள். உங்கள் எண் என்ன என்று கேட்டு ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். குறைப்பதால் பலன் உண்டா என்ற சந்தேகமே வேண்டாம். அமெரிக்காவில் அழுத்தம் கூடியிருந்த, ஆனால் நரம்பு இன்னும் கெடாத 1,600க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வின் முடிவு 2002இல் வந்தது. மருந்து போடாதவர்களில் ஐந்து வருடத்தில் 9.5 சதவீதம் பேருக்கு நோய் வந்தது, மருந்து போட்டவர்களில் 4.4 சதவீதம். நோய் ஏற்கெனவே வந்தவர்களைப் பார்த்த சுவீடன் ஆய்வில், அழுத்தம் ஒரு எண் குறைந்தாலே நோய் முற்றும் அபாயம் ஏறக்குறைய பத்து சதவீதம் குறைந்தது. ஒரே ஒரு எண்ணுக்கு!

சொட்டு மருந்தில் நாலைந்து குடும்பங்கள் இருக்கின்றன. இப்போது முதலில் எழுதுவது பெரும்பாலும் லாட்டனோப்ரோஸ்ட், ட்ராவோப்ரோஸ்ட், பைமட்டோப்ரோஸ்ட் வகை. இரவு ஒரு சொட்டு போதும், அழுத்தம் கால் பங்குக்கு மேல் இறங்கும். கண் கொஞ்சம் சிவக்கும், இமை முடி நீளும், நாள்பட்டால் கண்ணைச் சுற்றிக் கறுக்கும், குழி விழும். ஒரு கண்ணுக்கு மட்டும் போடுகிறவர்களுக்கு இரண்டு கண்ணும் வேறு வேறாகத் தெரியும். உயிருக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கண்ணாடியைப் பார்த்துப் பயந்து பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அடுத்தது டிமோலால், 1970களின் கடைசியிலிருந்து புழக்கத்தில் இருக்கும் பழைய மருந்து, விலை ரொம்பக் குறைவு, நன்றாக வேலை செய்யும். ஆனால் இளைப்பு, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது, நாடித்துடிப்பு மெதுவாக இருக்கிறவர்களுக்கும் ஆகாது. கண்ணில் விடுகிற ஒரு சொட்டு நுரையீரலை என்ன செய்துவிடும் என்று தோன்றும். கண்ணிலிருந்து மூக்குக்கு ஒரு வாய்க்கால் இருக்கிறது, அதன் வழியாக இறங்கி நேராக ரத்தத்தில் கலந்துவிடும். ப்ரிமோனிடின் வகை சிலருக்கு அலர்ஜியாகிக் கண் செக்கச் செவேல் என்று ஆகும், வாய் காயும், பகலில் தூக்கம் வரும். டார்சோலமைடு போட்டால் கண் எரியும், நாக்கில் கசப்பு தட்டும். மாத்திரையாகத் தருகிற அசிட்டசோலமைடு அவசரத்துக்கு நல்லது, மாதக்கணக்கில் போடுவதற்கு அல்ல. விரல் நுனி மரக்கும், சிறுநீர் அடிக்கடி போகும், கல் அடைப்பு வந்தவர்கள் கட்டாயம் சொல்லிவிட வேண்டும்.

அப்பச்சிக்கு இளைப்பு உண்டு. அதனால் டிமோலால் கூடாது என்று சீட்டில் எழுதியே கொடுத்திருந்தார்கள். ஒருமுறை மருந்து தீர்ந்து, ஊரிலேயே ஒரு மருந்துக்கடையில் ஆள் விட்டு வாங்கியபோது, அதே கம்பெனி, அதே நிறப் பெட்டி, பெயருக்குப் பின்னால் மட்டும் ஒரு 'டி' சேர்ந்து வந்துவிட்டது. அந்த எழுத்துக்கு அர்த்தம், அதில் டிமோலாலும் கலந்திருக்கிறது என்பது. இரண்டு ராத்திரி மூச்சு வாங்கி, அதை வெயில் மாறியதால் வந்த இளைப்பு என்று எல்லாரும் சொல்ல, ஆத்தாதான் பெட்டியைப் பழைய பெட்டியோடு பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்துக் கண்டுபிடித்தார். கடைக்காரர் கெட்ட எண்ணத்தில் கொடுக்கவில்லை, "ஒரே மருந்துதான்" என்று நம்பிக் கொடுத்திருக்கிறார். ஆனால் இது உயிர் போகிற விஷயம். இளைப்பு உள்ளவர் வீட்டில் காலிப் பெட்டி ஒன்றை எப்போதும் வைத்திருந்து, அதைக் காட்டி, உள்ளே என்ன மருந்து என்ற பொடி எழுத்தை ஒப்பிட்டுத்தான் வாங்க வேண்டும். ஜெனரிக் கடையில் வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கும் இதே பதில்தான். தாராளமாக வாங்கலாம், மாதா மாதம் செலவாகிற பணம் இது, மருந்தின் பெயரும் அளவும் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

சொட்டு விடுகிற முறையைப் பற்றி யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை, அதில்தான் பாதி மருந்து வீணாகிறது. படுத்துக்கொண்டோ தலையை நன்றாகச் சாய்த்தோ, கீழ் இமையை ஒரு விரலால் இழுத்தால் ஒரு சின்னப் பை மாதிரி திறக்கும், அதில் ஒரே ஒரு சொட்டு. ஒரு சொட்டே கண் கொள்ளும் அளவைவிட அதிகம், இரண்டாவது கன்னத்தில்தான் வழியும். பாட்டில் நுனி இமையிலோ விழியிலோ படக் கூடாது. விட்டதும் கண்ணைக் கொட்டிக் கொட்டி விழிக்காமல் மெதுவாக மூடி, மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை விரலால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்திக்கொள்ள வேண்டும். நான் சொன்ன அந்த வாய்க்காலை அடைப்பதற்காகத்தான் இது. மருந்து கண்ணிலேயே நிற்கும், உடம்புக்குள் போவது குறையும். இரண்டு மருந்து இருந்தால் நடுவில் ஐந்து நிமிடமாவது இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் பின்னது முன்னதைக் கழுவிவிடும். பிரித்த பாட்டிலை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம், பிரித்த தேதியைப் பாட்டிலிலேயே எழுதிவிடுங்கள். லாட்டனோப்ரோஸ்ட் பல கம்பெனிகளில் பிரிக்கும்வரை ஃபிரிட்ஜில் இருக்க வேண்டியது. சித்திரை வெயிலில் மதுரையிலிருந்து பஸ்ஸில் கொண்டு வருகிறவர்கள், மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்கிப் பையில் போட்டு ஜன்னலோரம் வைத்துவிடாதீர்கள்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். மேலே சொன்னதையெல்லாம் தினமும், ஆயுள் முழுக்க, யார் செய்வது? ஆத்தாவுக்குக் கை நடுங்கும், அப்பச்சிக்கு விரலில் பிடிப்பு இல்லை. வேலைக்கு வருகிற அக்கா காலையில் வந்து மாலை ஐந்து மணிக்குப் போய்விடுவார், மருந்தோ இரவுக்கு. அப்பச்சியும் போனில், "போட்டு என்னத்தக் கண்டேன், முன்ன மாதிரியேதான இருக்கு?" என்பார். "முன்ன மாதிரியே இருக்கிறதுதான் அப்பச்சி மருந்து வேலை செய்யிறதுக்கு அடையாளம், போடலைன்னா முன்ன மாதிரி இருக்காது" என்று சொல்வேன். சரி என்பார், போட்டாரா என்பது தெரியாது. அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது மட்டும் இரண்டு நாளைக்கு முன்னாலிருந்து ஒழுங்காகப் போட்டு, பிரஷர் அழகாக இறங்கியிருக்கும், ஃபீல்டு டெஸ்ட் மட்டும் மோசமாகிக்கொண்டே போகும். இது எங்கள் வீட்டில் மட்டும் நடக்கவில்லை, உலகம் முழுக்க நடப்பதுதான். அதனால்தான் சொல்கிறேன், வீட்டு நிலைமையை டாக்டரிடம் வெட்கப்படாமல் உள்ளபடி சொல்லுங்கள். மருந்து விட்டுப்போகிறது என்று தெரியாமல், மருந்து போதவில்லை என்று நினைத்து அவர் இன்னொரு பாட்டிலைச் சேர்த்துவிடுவார், போட முடியாத பாட்டில் ஒன்று இரண்டாகும்.

நாங்கள் அதைச் சொன்ன பிறகுதான் லேசர் பற்றிப் பேச்சு வந்தது. கோணம் திறந்த வகைக்குச் செய்கிற எஸ்எல்டி என்ற லேசரில், அடைபட்ட அந்தக் கலுங்குச் சல்லடையில் மெல்லிய ஒளியைப் பாய்ச்சி நீர் மறுபடி வடிய வைப்பார்கள். உட்கார்ந்த வாக்கிலேயே, சில நிமிடத்தில் முடியும், கட்டு கிடையாது, அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். நம் ஊரில் லேசர் என்றாலே மருந்து கைவிட்ட பிறகு செய்வது என்ற எண்ணம் இருக்கிறது. இங்கிலாந்தில் 718 பேரை வைத்து நடத்தி 2019இல் வெளியான லைட் ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது. புதிதாக நோய் கண்டவர்களில் ஒரு பாதிக்குச் சொட்டு மருந்தும், இன்னொரு பாதிக்கு எடுத்த எடுப்பிலேயே இந்த லேசரும் கொடுத்தார்கள். லேசர் செய்தவர்களில் நாலில் மூன்று பேர் மூன்று வருடம் கழித்தும் சொட்டு மருந்து இல்லாமலே இலக்குக்குள் இருந்தார்கள். 2022இல் அந்த நாட்டு அரசு வழிகாட்டுதலே புதிய நோயாளிகள் பலருக்கு லேசரை முதலில் தரச் சொல்லி மாறியது. எல்லாருக்கும் பலிக்காது, ஆயுளுக்கும் நிற்காது, சில வருடத்தில் பலன் குறையும், அப்போது மறுபடி செய்துகொள்ளலாம். நோய் ரொம்ப முற்றியவர்களுக்கு இது மட்டும் போதாது. ஆனால் கை நடுங்குகிற இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை. அப்பச்சிக்கு இரண்டு கண்ணிலும் செய்தாயிற்று. முழுதாக மருந்து நிற்கவில்லை, இரண்டு பாட்டில் ஒன்றாகியிருக்கிறது. அந்த ஒன்றையும் காலையில், அந்த அக்கா கையால் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டோம், தாராளமாக என்றார்கள். விட்டுப்போகிற இரவைவிட விட்டுப்போகாத காலை மேல் அல்லவா.

கோணம் மூடிய வகைக்கு லேசர் வேறு. ஐரிஸ் திரையில் கண்ணுக்கே தெரியாத ஒரு சின்னத் துளை போட்டு நீர் போக வழி செய்வது. அழுத்தம் ரொம்பக் கூடியிருந்தாலோ நரம்பு கெட்டிருந்தாலோ, அந்தத் துளைக்குப் பதிலாக எடுத்த எடுப்பிலேயே, புரை இல்லாவிட்டாலும் கண் லென்ஸை எடுத்துவிட்டு மெல்லிய செயற்கை லென்ஸ் வைப்பது நல்ல பலன் தருகிறது என்று 2016இல் வந்த ஈகிள் ஆய்வு காட்டியது. வயதாக ஆக லென்ஸ் தடித்து ஐரிஸை முன்னால் தள்ளுவதுதான் பலருக்கும் காரணம், அதை எடுத்தால் இடம் கிடைத்துவிடும். ஆகவே கோணம் குறுகலானவருக்குப் புரையும் ஆரம்பித்திருந்தால் "முத்தட்டும், பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போட வேண்டாம்.

இந்த வகையில் ஓர் ஆபத்து உண்டு. சிலருக்குக் கோணம் திடீரென்று முழுதாக மூடிக்கொள்ளும். கண்ணும் தலையும் பிளக்கிற மாதிரி வலி, கண் சிவந்து பார்வை மங்கும், விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரியும், கூடவே வாந்தி. இந்த வாந்திதான் எல்லாரையும் ஏமாற்றுகிறது. எங்கள் ஆயாவுக்கு, ஆத்தாவைப் பெற்றவருக்கு, பல வருடங்களுக்கு முன் இது வந்தபோது பித்தம் என்று சொல்லி ஓர் ஊசி போட்டு அனுப்பினார்கள், மறுநாள் ஒற்றைத் தலைவலி என்று மாத்திரை கொடுத்தார்கள், யாரோ கண்ணைப் பார்த்துச் சந்தேகப்பட்டு மதுரைக்குக் கொண்டு போவதற்குள் அந்தக் கண் போய்விட்டது. இது மணிக்கணக்கில் ஓட வேண்டிய அவசரம். வாந்தியோடு ஒரு கண் சிவந்து வலித்தால், நடுராத்திரியானாலும் கண் டாக்டர் இருக்கிற ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். கோணம் குறுகல் என்று தெரிந்தவர்கள் சளி மாத்திரை, வயிற்றுப் பிடிப்பு மாத்திரை எது வாங்கினாலும் அதைச் சொல்லி வாங்குங்கள், சில மருந்துகள் கண்மணியை விரித்துக் கோணத்தை மூடிவிடும்.

ஆபரேஷன், மருந்தும் லேசரும் போதாதபோது. ட்ராபெக்குலெக்டமி என்று 1968இல் கெய்ர்ன்ஸ் என்பவர் விவரித்த முறைதான் இன்றைக்கும் பரவலாகச் செய்யப்படுகிறது. கண்ணின் வெள்ளைப் பகுதியில் மேல் இமைக்கு அடியில் நீர் வெளியேற ஒரு புதுக் கலுங்கு வெட்டிக் கொடுப்பார்கள், நீர் வெளித்தோலுக்குக் கீழே ஒரு சின்னக் கொப்புளமாகத் தேங்கி உறிஞ்சப்படும். புண் ஆறி வழி மூடிவிடாமல் இருக்க மைட்டோமைசின் என்ற மருந்தைத் தடவுவார்கள். சாதாரணமாகப் புண் ஆறினால் சந்தோஷப்படுவோம், இங்கே அதிகம் ஆறிவிடக் கூடாது என்பதுதான் டாக்டரின் கவலை. அதனால் முதல் சில வாரம் அடிக்கடி வரச் சொல்வார்கள், தையலை லேசரால் வெட்டித் தளர்த்துவார்கள், பார்வை கொஞ்ச நாள் முன்பைவிட மங்கலாகக்கூட இருக்கும். ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று அர்த்தம் இல்லை. கவனிக்க ஆள் இல்லாமல் இதைச் செய்துகொள்ளாதீர்கள். பிள்ளைகள் யாராவது ஒருவர் ஒரு மாதம் லீவு போட்டு வந்து கூட இருக்க முடிகிற சமயமாகப் பார்த்துத் தேதி வாங்குங்கள், ஆனால் டாக்டர் கொடுத்த கெடுவைத் தாண்டி ஒத்திப்போடாதீர்கள். அப்புறம் ஆயுள் முழுக்க ஒரு எச்சரிக்கை உண்டு. ஆபரேஷன் செய்த கண் எப்போதாவது சிவந்து, பீளை தள்ளி, வலித்தால் அன்றைக்கே போக வேண்டும், பத்து வருடம் கழித்தானாலும் சரி. அந்தக் கொப்புளம் வழியாகக் கிருமி உள்ளே போக வாய்ப்பு உண்டு.

இதுவும் பலிக்காதவர்களுக்குச் சின்னக் குழாய் பொருத்துவார்கள். வெளிநாட்டுக் குழாய்களின் விலை நம் ஆட்களுக்கு எட்டாமல் இருந்தபோது மதுரை ஆரோலேப் அதே மாதிரியான ஒன்றை மிகக் குறைந்த விலையில் செய்து கொடுத்தது. டாக்டர் வெங்கடசாமி 1976இல் பதினொரு படுக்கையோடு தொடங்கிய அரவிந்தின் குடும்பத்தில் 1992இல் பிறந்த நிறுவனம் அது. கண் லென்ஸை எல்லாருக்கும் எட்டும் விலைக்குக் கொண்டுவந்தவர்கள், இதிலும் அதையே செய்தார்கள். நமக்குப் பஸ்ஸில் இரண்டு மணி நேர தூரத்தில் இதெல்லாம் கிடைப்பது எவ்வளவு பெரிய வசதி என்று வெளிநாட்டில் இருக்கிற அண்ணன் அடிக்கடி சொல்வான், எனக்கும் அதில் பெருமை உண்டு. புரை ஆபரேஷனோடு சேர்த்துப் பொருத்துகிற மிகச் சிறிய ஸ்டென்டுகளும் பெரிய ஊர்களில் கிடைக்கின்றன. ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு அவை உதவும், அழுத்தத்தை ரொம்பக் குறைக்க வேண்டியவர்களுக்குப் பற்றாது. பார்வை முழுதாகப் போய் வலி மட்டும் மிஞ்சிய கண்ணுக்கு, நீர் ஊறும் இடத்தையே லேசரால் சுட்டுக் குறைக்கும் வழியும் இருக்கிறது. வலியைப் பொறுத்துக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை.

பெரியவர்களை மட்டும் சொன்னால் போதாது. கோடையில் நம் பக்கம் பிள்ளைகளுக்குக் கண் அரித்துச் சிவக்கிறது, கசக்கிக் கசக்கி வீங்கி வருகின்றன. மருந்துக்கடையில் ஒரு சொட்டு மருந்து வாங்கி விட்டால் மந்திரம் போட்ட மாதிரி அடங்குகிறது. அடுத்த தடவை சீட்டுக்கூட வேண்டாம், பாட்டிலைக் காட்டினால் கொடுக்கிறார்கள். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், ப்ரெட்னிசலோன் என்று அதில் எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு. வாரக்கணக்கில் விட்டால் சிலருக்குக் கண் அழுத்தம் தாறுமாறாக ஏறும், அரிப்பு அடங்கியிருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு க்ளாக்கோமா வந்து நிற்கும். டாக்டர் குறித்துக் கொடுத்த நாளுக்கு மேல் ஒரு நாளும் விடாதீர்கள். இதை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

சாப்பாட்டுப் பத்தியம் என்று தனியாக ஒன்றும் இல்லை. நடைப்பயிற்சி நல்லது. சிரசாசனம் வேண்டாம், தலைகீழாக நிற்கும்போது கண் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று சென்னையில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். காலையில் எழுந்ததும் ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்கிற பழக்கம் உள்ளவர்கள் அதையே கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள், மொத்தமாகக் குடித்தால் அழுத்தம் கொஞ்ச நேரத்துக்கு ஏறும். தேன், தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதையும் கண்ணில் விடாதீர்கள், ஆபரேஷன் செய்த கண் என்றால் சொல்லவே வேண்டாம்.

வீட்டில் நாங்கள் செய்தது, பட்டாலைப் படி விளிம்பில் நாலு விரல் அகலத்துக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தது. பூக்கல் தரையில் மஞ்சள் கோடா என்று ஆத்தாவுக்கு முதலில் மனசே இல்லை, இப்போது அவரும் அதைப் பார்த்துத்தான் இறங்குகிறார். முகப்பில் பகலிலும் ஒரு விளக்கு எரிகிறது. ராத்திரியில் வண்டி ஓட்டுவதை அப்பச்சி விட்டுவிட்டார்.

அப்புறம் கூடப்பிறந்தவர்கள். தாய் தகப்பனுக்கோ அண்ணன் தம்பிக்கோ இருந்தால் நமக்கு வருகிற வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு கூடுதல். நாற்பது வயதுக்கு மேல் கண்ணாடி மாற்றப் போகும்போதே பிரஷரும் நரம்பும் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும், கண்ணாடிக் கடைப் பரிசோதனை இதற்குப் போதாது. அப்பச்சியின் தம்பியை, வர மாட்டேன் என்று அடம் பிடித்தவரை, பிள்ளையார்பட்டி போகலாம் என்று வண்டியில் ஏற்றி, சாமி கும்பிட்ட கையோடு மதுரைக்கும் கூட்டிப் போனோம். ஒரு கண்ணில் கோணம் குறுகலாக இருந்தது, அன்றைக்கே லேசர் துளை போட்டாயிற்று, நரம்பு நன்றாக இருக்கிறது. அடுத்து ஆச்சியும் (என் அக்கா) அண்ணனும் நானும் பார்க்க வேண்டும். ஆச்சி திருச்சியில் தேதி வாங்கிவிட்டார், அண்ணன் பொங்கலுக்கு வரும்போது என்னோடு சேர்ந்து வருவதாகச் சொல்லியிருக்கிறான்.